பின்சக்கரத்துக்குப் புது டயர்

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். உன் பல்வலி விட்டதா? அத்தைக்கு இருமல் குறைந்ததா?

போன வாரம் மழையில் என் ரேஸ் பைக் லேசாக வழுக்கியது. செருப்பு வார் அறுந்ததோடு சரி. டயர் மாற்றப் போனேன். மெக்கானிக் பழசைத் தடவிப் பார்த்து, "நடுவுலதான் தேஞ்சிருக்கு. வளைவுல சாஞ்சாத்தானே ஓரம் தேயும்? வேலை விட்டா ரூமு, வேற எங்கயும் போறதில்லையா?" என்றார். டயரைப் பார்த்து ஜாதகமே சொல்கிறாரே என்று சிரித்து மழுப்பினேன்.

கெட்டி ரப்பர் நாள்பட உழைக்குமாம். மிருதுவானது சீக்கிரம் தேயும், ஆனால் மழையில் நன்றாகப் பிடிக்குமாம். எதை எடுப்பதென்று யோசித்து நின்றேன்.

"பின்னாடி யாராவது உக்காருவாங்களா?"

"வீட்டுக்காரி வரப்போறா" என்றேன். நீ இன்னும் சரி சொல்லவில்லை என்பது அவருக்கு எதற்கு? மிருதுவானதையே போட்டுவிட்டேன்.

எவ்வளவு காற்று அடிப்பதென்று பார்க்க உன் எடை வேண்டுமாம். குறைக்காமல் எழுது. வேலைக்கு நேரமாகிறது.

உன்னவன்