ஓட வேண்டிய ஆள்

அன்பு மகனுக்கு,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. வெல்டிங் பட்டறைச் சாவி ஆணியில் தொங்கியபடி என்னை முறைக்கிறது.

பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கும் பெண் தினமும் நடக்கச் சொல்லியிருந்தாள். வலிக்குப் பயந்து, நடந்துவிட்டதாகப் பொய் சொல்லிவந்தேன். உன் அம்மாவிடம் சாயம் வெளுத்துவிட்டது.

"குணமாக்கும் ஆண்டவரேன்னு மூச்சுக்கு மூச்சு ஜெபம். அந்தப் பொண்ணு சொல்றத மட்டும் செய்யமாட்டீங்க. கீழ்ப்படியலைன்னு பெத்த பிள்ளைய விரட்டுன ஆளு நீங்க" என்றாள்.

ஊன்றுகோலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறன்று போதகர், வீட்டைவிட்டுப் போன கெட்ட குமாரன் திரும்பி வந்த கதையைச் சொன்னார். நீ கெட்டவன் இல்லை, அதை விடு. எத்தனையோ முறை கேட்ட கதைதான். ஆனால் தூரத்தில் மகனைக் கண்டதும் ஓடியது அந்தத் தகப்பன் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று கேட் வரை நடந்தேன். தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டேன். நாளை தெருமுனை வரை போவதாக இருக்கிறேன்.

எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், என்னைக் கண்டதும் நீ ஓடி வந்துவிடாதே. அது என் வேலை.

ஊன்றுகோலுடன்,
அப்பா