சர்ச்சுக்குப் பின்னால் நின்ற வண்டிகள்

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், தொழுவத்தில் மாடுகளும் சுகம், அங்கே அலாஸ்காவில் முகமூடியும் கையுறையுமாக ஆஸ்பத்திரியில் நிற்கிற நீயும் சுகமாக இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும். ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடுகிறாயா?

அன்றைக்குப் பண்ணை எப்படி நடக்கிறது என்று நீ போனில் கேட்டபோது அப்பா பக்கத்திலேயே நின்றதால் மழுப்பிவிட்டேன். பள்ளிக்கூடமும் ஓட்டலும் மூடிக்கிடந்ததில் பாலாடைக்கட்டி ஆலைக்காரர்கள் பாலே வேண்டாம் என்றுவிட்டார்கள். கறக்காவிட்டால் மடி கட்டிக்கொள்ளுமே, கறந்து கறந்து சாணிக்குழியில் ஊற்றினார் உன் அப்பா. ஊற்றிவிட்டு வந்து தட்டைத் தொடாமல் எழுந்துபோவார். கடைசியில் எல்லா மாட்டையும் ஏற்றிப் போக வெள்ளிக்கிழமை வரும்படி தரகரிடம் சொல்லியும்விட்டார். கொரோனாவுக்காகப் பண்ணைக்காரர்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறதே, எழுதிப் போடுங்கள் என்றால், "கை நீட்டுறதுக்கா எங்கப்பன் எனக்குக் கையைக் கொடுத்தான்?" என்று என்மேல் பாய்ந்தார். தீவனக் கடை வாசலில் அவரவர் வண்டிப் பின்பலகையில் உட்கார்ந்து காபி குடிக்கிற கூட்டாளிகளும் அதே பாட்டுத்தான். அதிலும் டெல்மர், "அந்தக் காசை வாங்குறவன் இனிமே எங்கூடக் காபி குடிக்க வேணாம்" என்று சபதமே போட்டாராம். எனக்கு வந்ததே கோபம், "மாட்டை வித்துட்டு வறட்டுக் கௌரவத்தையா கறப்பீங்க?" என்று கேட்டேவிட்டேன். வியாழக்கிழமை காலையில் உதவித்தொகை மனுவில் கையெழுத்துப் போட்டு, அந்த உறையை மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் வண்டியில் ஏறச் சொன்னார்.

மனு வாங்குகிற கவுண்டி ஆபீஸ் கொரோனாவால் பூட்டியிருப்பதால் வாசல் பெட்டியில்தான் போட வேண்டும், அதுவோ தீவனக் கடைக்கு நேர் எதிரே. யார் கண்ணிலும் படக் கூடாதென்று நம் சர்ச்சுக்குப் பின்னால் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினார். கேளடி கூத்தை, கூட்டாளிகள் அத்தனை பேர் வண்டியும் அங்கேதான் நிற்கிறது! எங்களைப் பார்த்ததும் டெல்மர் கையில் அதே மாதிரி உறையோடு எதையோ தேடுகிறவர்போல இருக்கைக்குக் கீழே குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உன் அப்பா நினைத்திருந்தால் பார்க்காததுபோல் திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. இறங்கிப் போய் டெல்மர் வண்டிக் கண்ணாடியைத் தட்டி, "தலையைத் தூக்குப்பா, கழுத்துப் பிடிச்சுக்கப் போகுது. நாம ஒண்ணும் திருடலயே, வா போவோம்" என்றார். உறையைச் சட்டைக்குள் ஒளிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு கடைத்தெரு நடுவே நடந்தார், பின்னாலேயே டெல்மர், அப்புறம் ஒவ்வொருவராக எல்லாரும். கல்யாணத்தன்றுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை, வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். எனக்கு அவ்வளவு பெருமையடி.

வீட்டுக்கு வந்த கையோடு தரகரை வர வேண்டாம் என்றுவிட்டார். பணமும் வந்தது, ஆலை வண்டியும் மறுபடி பால் எடுக்க வருகிறது. டெல்மர் இப்போது தினமும் தன் பிளாஸ்க்கிலிருந்தே அப்பாவுக்குக் காபி ஊற்றிக் கொடுக்கிறாராம்.

நீ கர்த்தர் நிழலில் நீடூழி வாழ வேண்டும். ராத்திரி வேலை என்றால் பகலில் தூங்கு, குளிர்காலக் கோட்டுப் பொத்தானைத் தைத்துக்கொள். உன் சம்பளத்தை இங்கே அனுப்புவதாக மறுபடி பேச்செடுக்காதே. இதை எழுதும்போது அப்பா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஒரு தடவை வாங்கினதால பழகிட்டேன்னு நினைச்சுக்க வேணாம்னு எழுது" என்கிறார். எழுதிவிட்டேன்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா லோயிஸ்