முன்னங்கால் வைத்த இடம்

கோமதிக்கு,

மூணாறில் இன்று காலை உறைபனி. வாசல் புல் முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெளுத்திருந்தது. நம் சாம்பல் பூனை அதில் இறங்கி ஜீப் நிற்கும் இடம்வரை நடந்து போனது. பின்னால் பார்த்தால், நாலு கால் போன வழியில் இரண்டு கால் தடம்தான் இருந்தது!

நம்பாமல், அது திரும்பி வரும்போது குந்தி உட்கார்ந்து பார்த்தேன். முன்னங்கால் எடுத்த அதே தடத்தில் பின்னங்கால் வந்து இறங்குகிறது. அது திரும்பிப் பார்ப்பதேயில்லை, ஆனாலும் நூலளவு பிசகவில்லை. கையிலிருந்த காப்பி ஆறியதுகூடத் தெரியவில்லை.

நம் பூனைப் படக்கதைப் புத்தகத்துக்கு நான் வரைந்த அட்டையில் நாலு தடமும் தனித்தனியாக இருந்தது.

“பூனை இப்படி நடக்காதுங்க” என்றாய்.

“வரையுறது நானா, நீயா?” என்று கத்தினேன்.

அதே அட்டையில் என் பெயர் மட்டும் இருந்ததைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. எட்டுக் கதையும் நீ எழுதியது. மறுநாள் உன் அம்மா வீட்டுக்குப் பாலக்காடு பஸ் ஏறிவிட்டாய்.

அட்டையை மாற்றிவிட்டேன். இப்போது அதில் பூனையே இல்லை. வெள்ளைப் புல்லும் அந்தத் தடமும்தான். மேலே உன் பெயர், அதன் கீழே என் பெயர். நீ பார்த்துச் சரியென்று சொல்லாமல் அச்சுக்குப் போகாது.

பஸ் சத்தம் கேட்டால் சாம்பல் பூனை வாசலுக்கு ஓடுகிறது. அதன் பின்னாலேயே நானும் போய் நிற்கிறேன்.

இப்படிக்கு,
பின்னங்கால்