கட்டில்களில் கிடந்த புத்தகங்கள்

நேற்றுக் காலை சுங்கைப்பட்டாணி சந்தையில் ஒரு மலாய்க்கார அம்மாள், ஆவி பறக்கும் உபி காடோங்கை வாழையிலையில் பரப்பி, மேலே தேங்காய்ப்பூ தூவிக்கொண்டிருந்தாள். வாசனை பட்டதும் கால் நின்றுவிட்டது. காடோங் காட்டுக் கிழங்கு. பக்குவம் தெரியாமல் தின்றால் ஆளைச் சாய்த்துவிடும். இன்று அதைப் பிள்ளைகள் பலகாரமாகத் தின்கிறார்கள். ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தேன். தோழி, நீ கண்ணை மூடிய பிறகு முதன்முறையாக, உன்னோடு பேசத் தொடங்கினேன்.

ஜப்பான்காரன் காலத்தில் டவுனில் நாம் படித்த பள்ளியைச் சிப்பாய்கள் எடுத்துக்கொண்டார்கள். நூலகத்துப் புத்தகங்களை மழையில் வெளியே தள்ளியிருந்தார்கள். கோலா கெத்தில் பக்கத்திலிருந்த நம் தோட்டத்தில் நோயாளிகளுக்கு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருந்த உன் அப்பா, அடுப்பெரிக்க வேண்டும் என்று சொல்லி, மாட்டுவண்டியில் அவற்றை அள்ளிக்கொண்டு வந்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது மருந்து தீர்ந்துபோயிருந்தது. மருந்தில்லாத இடத்துக்கு யார் வருவார்கள்? காலிக் கட்டில்களில் புத்தகங்களைப் பிரித்து உலர வைத்தோம். ஜன்னல் காற்றில் பக்கங்கள் மெல்ல எழுந்து அடங்கும். காய்ச்சல்காரர்கள் மூச்சு விடுவதுபோல இருக்கிறது என்றாய். அந்த அறையில் நாம் குரலைத் தாழ்த்தியே பேசினோம்.

தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் மகளான நான் கதைப் புத்தகங்களாகத் தேடுவேன். நீ எதை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கங்களுக்குப் போவாய். சொல்லடைவில் விரலை ஓட்டி, வேண்டிய பக்கத்தை எடுத்து, அதற்கு முன்னும் பின்னும் படிப்பாய். அப்படிப் படிக்க உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பொழுது நிறைய இருந்தது. புத்தகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அவ்வளவுதான்.

நம் தோட்டத்து முனியம்மா அக்கா கூடை நிறையக் காடோங் தோண்டிக்கொண்டு வந்தது அந்த நாட்களில்தான். அவர் வீட்டுக்காரரைச் சயாமில் ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள். பக்கத்துத் தோட்டத்தில் இதே கிழங்கைத் தின்று ஒரு குடும்பமே மயங்கி விழுந்த செய்தி எல்லோருக்கும் தெரியும்.

“தெரியும்மா. பசியில சாகறதுக்கு இது தேவலாம்,” என்றார் அக்கா.

“கொஞ்சம் பொறுங்கக்கா. பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் எங்க வீட்டு மரவள்ளியில பாதி எடுத்துக்குங்க,” என்று நீ சொன்னாய். உன் அம்மா உள்ளேயிருந்து உன்னை ஒரு பார்வை பார்த்தார்.

கட்டில் கட்டிலாகத் தேடினோம். ஒரு புத்தகம் இது விஷம், உண்ணத் தகாது என்றது. இன்னொன்று, சீவி உப்புநீரிலும் ஓடும் நீரிலும் ஊற வைத்தால் உண்ணலாம் என்றது. எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவிடம் சொல்ல ஓடப்போனேன். நீ என் பாவாடையைப் பிடித்து இழுத்தாய்.

“உனக்குப் பிடிச்சதச் சொல்ற புத்தகம்தான் சரியான புத்தகமா? ரெண்டுமே அச்சுல வந்ததுதானே லா.”

பிறகு இரண்டின் முன்னுரையையும் படித்தாய். முதலாமவர் வேறு தேசத்தில் வேறொரு கிழங்கைப் பார்த்து எழுதியவர். இரண்டாமவர் நம் பக்கத்துக் கிழங்கைத்தான் எழுதியிருந்தார். ஆனால் கிராமத்தார் சொல்லக் கேட்டதாக அவரே ஒத்துக்கொண்டிருந்தார். “அப்ப அந்தக் கிராமத்தாரையே கேப்போம்,” என்று ஆற்றைத் தாண்டி மலாய்க்காரர் கிராமமான கம்பத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். அங்கே மாக்சிக் என்று நாம் கூப்பிட்ட ஒரு மலாய் அம்மாள் சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். புத்தகத்தில் இருந்ததைவிட அதிக நாள் ஊற வேண்டும் என்றார். மழைக்காலத்தில் பிடுங்கிய கிழங்கு என்றால் இன்னும் அதிகம். அதை எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

கூடையைக் கெத்தில் ஆற்றில் கட்டிவிட்டு வந்தோம். கிழங்குச் சீவல்கள் தண்ணீருக்குள் வெள்ளை வெளேரென்று அசைந்துகொண்டிருந்தன. அவித்ததை முதலில் உங்கள் வீட்டுக் கோழிக்குப் போட்டாய். மறுநாளும் அது கொத்திக்கொண்டு திரிந்தது. போதும் என்றேன் நான்.

“கோழி வேற, மனுஷன் வேற,” என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டாய்.

அந்தப் பிற்பகல் எப்படிக் கழிந்தது என்று எனக்கு இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரப்பர் மரங்களுக்கிடையே வெயில் மெதுவாகச் சாய்ந்தது. எங்கோ ரப்பர் கொட்டைகள் வெடிக்கும் சத்தம். உன் கையைப் பிடித்துக்கொண்டு, “தலை சுத்துதா, தொண்டை அரிக்குதா” என்று கேட்டுக்கொண்டேயிருந்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, “பேசாம இருடி, தூக்கம் வருது” என்றாய். அந்தச் சொல்லில் எனக்கு உயிரே போயிற்று. அது வெறும் தூக்கம்தான். பொழுது சாயும்போது எழுந்து, பசிக்கிறது என்றாய். அன்றிரவு முனியம்மா அக்கா வீட்டில் அடுப்பு எரிந்தது.

சண்டை ஓய்ந்தது. புத்தகங்கள் வண்டியேறிப் பள்ளிக்குத் திரும்பின. நீ திரும்பவில்லை. கடைசி வருடக் காய்ச்சல் உன் அப்பாவைக் கொண்டுபோயிருந்தது. உன்னைச் செர்டாங்கில் கட்டிக்கொடுத்தார்கள். சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் போனவள் நான். அங்கே நூலகத்தைப் பார்த்து உடன் வந்தவர்கள் மிரண்டு நின்றார்கள். கட்டுரை கேட்டால், தடித்த ஒரு புத்தகத்தைப் பிடித்து அதையே எழுதிக்கொடுத்தார்கள். எனக்கு மிரட்சி வரவில்லை. கட்டில்கள் மட்டும்தான் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். எழுதியவர் யார், எங்கே நின்று பார்த்தார், இவரோடு ஒத்துப்போகாதவர் யார் என்று தேடிப் போனேன். உன் விரல் எனக்கு முன்னால் ஓடியது.

பிறகு ஆசிரியையாகி, பள்ளி நூலகத்தைப் பார்த்துக்கொண்டேன். ஒன்றுக்கொன்று முரண்படும் புத்தகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். தப்பான புத்தகம் எதற்கு என்று தலைமையாசிரியர் கேட்டார். அது தப்பு என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கத்தான் என்றேன். கோலாலம்பூருக்கு மேற்படிப்புக்குப் போன ஒரு மாணவி விடுமுறையில் வந்து, “டீச்சர், அங்க எல்லாம் ஒரு புத்தகத்தோட நிறுத்திக்கிறாங்க லா. எனக்குத்தான் நிறுத்த முடியல,” என்று அலுத்துக்கொண்டாள். அவளுக்கு உன்னைத் தெரியாது.

நீ ஒரே ஒரு முறை அந்த நூலகத்துக்கு வந்தாய். மகள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவள், வந்த வேலையை மறந்து அலமாரி அலமாரியாக நடந்தாய். அட்டைகளை விரலால் தொட்டுக்கொண்டே போனாய். “எத்தன மணிக்குச் சாத்துவீங்க?” என்று கேட்டாய். இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். செருப்பை மேசைக்கடியில் கழற்றிவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. நீ தலை நிமிரவில்லை. நான் விளக்கைப் போட்டுவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, கதவோரமாக நின்றேன்.