ரென்ஸ் திரும்பிப் பார்த்த வீடியோ

மார்ச் 2, ஞாயிறு

என் மகன் ரென்ஸுக்கு இரண்டரை வயது. கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று என் மனைவி ஜோவெலின் இன்றும் ஆரம்பித்தாள். நானும் நாலு வயதில்தான் பேசினேன் என்றேன். "உங்கள மாதிரி ஆயிடுவானோன்னுதானே பயமே" என்றாள். கருவாட்டையும் சோற்றையும் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மார்ச் 8

பிள்ளைக்கு ஆட்டிசமோ என்று பயப்படும் அம்மாக்களிடம் இலோய்லோ நகரத்திலிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் ரோடோரா மேடம் சனிக்கிழமைதோறும் போனில் பேசுகிறார். எங்கள் தீவில் சிக்னல் மாமரத்தடியில்தான், அதுவும் போனைத் தூக்கிப் பிடித்தால். தூக்குவது யார்? நான்தான், ஆண்டெனா. ஸ்பீக்கரில் "வணக்கம் அம்மாக்களே" என்றார் மேடம். அந்த நேரம் பார்த்து தாசியோ அண்ணன் வந்தார், எங்கள் ஊர் ஆட்டோவான ட்ரைசைக்கிளை ஸ்டாண்டில் என்னோடு ஓட்டுபவர். "டேய், நீ எப்படா பெத்த?"

மார்ச் 10

ஸ்டாண்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. "அம்மா வந்தாச்சு, வழி விடுங்கப்பா."

மார்ச் 12

மேடம் ஒரு வீடியோ கேட்டிருந்தார். பையன் விளையாடும்போது பின்னாலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். ஜோவெலின் சந்தைக்குப் போன நேரத்தில் நானே எடுத்தேன். அவன் டப்பா மூடியைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. கடைசியில் பளிச்சென்று திரும்பினான், முகம் முழுக்கச் சிரிப்பு. அதை அனுப்பிவிட்டு மற்றதை அழித்தேன். பையனுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 15

"நல்லாத் திரும்பறானே. டாக்டரப் பாக்க அவனுக்கு வாங்கி வச்ச தேதிய வேற பிள்ளைக்கு விட்டுக் குடுக்கலாமா?" என்று மேடம் கேட்டார். ஜோவெலின் வீடியோவைப் போட்டுக் கேட்டாள். திரும்பவும் கேட்டாள்.

"பின்னால என்ன சத்தம்?"

என் வண்டி. தாசியோ அண்ணன் இரவல் வாங்கிப் போகக் கிளப்பியது.

"வண்டிக்குத் திரும்பியிருக்கான். உங்களுக்குத் தெரியாது?"

தெரியாதா எனக்கு? தெரியும். தெரிஞ்சுதான் அனுப்பினேன். பின்ன என்ன பண்றது — எம்பிள்ளைக்கு யாரோ ஒரு பேர வச்சிருவாங்களே —

மார்ச் 16

மேடத்திடம் நானே சொன்னேன். திட்டுவார் என்று போனைத் தாழ்த்தினேன், சிக்னல் போய்விட்டது. மறுபடி மாமரம். அவர் திட்டவில்லை.

"டாக்டர் தேதி ரென்ஸுக்கே இருக்கட்டும். அவனுக்கு வண்டிதானே பிடிக்குது? நீங்களே வண்டியாயிடுங்க அப்பா. சத்தம் போடுங்க, நடுவுல நிறுத்துங்க, காத்திருங்க."

மார்ச் 19

தரையில் உட்கார்ந்து புர்ர்ர் என்கிறேன். அவன் மூடியைச் சுழற்றுகிறான். உதடு மரத்துவிட்டது. நிஜ வண்டியே தேவலை, அதற்காவது சவாரி வரும்.

மார்ச் 22

புர்ர்ர். ஒன்றுமில்லை.

மார்ச் 27

இன்றும் நிறுத்தினேன். காத்திருக்க இல்லை, மூச்சு வாங்கியது. ரென்ஸ் மூடியைக் கீழே வைத்தான். வந்து என் வாயில் கை வைத்தான். கிளப்பச் சொல்கிறான். நான் கிளப்பவில்லை. அவன் பார்வை வாயிலிருந்து மெதுவாக ஏறி என் கண்ணுக்கு வந்தது. கிளப்பினேன்.

"வீடியோ எடுத்தீங்களா?" என்றாள் ஜோவெலின். இல்லை.

பேர் சொன்னால் இன்னும் திரும்புவதில்லை. ஏப்ரல் ஐந்தாம் தேதி டாக்டரிடம் போகிறோம். அன்று வண்டி ஓடாது என்று ஸ்டாண்டில் சொன்னேன். எதற்கு என்றும் சொன்னேன்.