குளிர் அறைக்குள் ஒரு கூடாரம்

அன்புள்ள குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நான், அம்மா, அண்ணன் மூவரும் சுகம். அங்கே நீ சுகமாக இருப்பதை நீ சொல்லித்தான் நாங்கள் நம்ப வேண்டியிருக்கிறது, அதனால் நம்பிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கடிதம் கூடாரப் பைக்குள்ளேயே வருகிறது. கம்பிகளைத் தேடிக் கையை விட்டபோது இதுவும் அகப்பட்டிருக்கும். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் என்றால் பாதியில் நீ சிரித்துவிடுவாய், மீதியை அம்மா பிடுங்கிச் சொல்லிவிடுவாள், என் பக்கத்து நியாயம் காற்றோடு போய்விடும். அண்ணனுக்கு அச்சகத்தில் பகல் வேலை கிடைத்துவிட்டது, இப்போதெல்லாம் மனிதர்கள் சாப்பிடுகிற நேரத்தில் சாப்பிடுகிறான். அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றியாயிற்று. அது வந்த நாள் முதல் என் சட்டைக் காலரில் இருக்கும் அழுக்கெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, சங்கடம் எனக்குத்தான். சித்திக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, வாய் எப்போதும்போல் திடகாத்திரமாக இருக்கிறது.

முதலில் உனக்கு ஒரு நன்றி சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் மற்றதை எழுத வரவில்லை. போன குளிர்காலத்தில் நீ மலைக்குப் போனதே எங்களுக்குத் தெரியாது. இறங்கி வந்த பிறகு உன் தோழி போட்ட படத்தில் மூக்கு நுனி சிவந்து நீ நிற்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது. அம்மா எத்தனை நாள் உன்னோடு சரியாகப் பேசவில்லை என்பது உனக்கே நினைவிருக்கும். இந்த முறை நீயே போன் செய்து, மலைக்குப் போகிறேன், பனி கொட்டுகிற மாதம், தோழியும் நானும் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாய். நான் உடனே உபதேசத்தை ஆரம்பித்தேன். நீ குறுக்கே வந்து, போகட்டுமான்னு கேக்கலப்பா, எந்த டென்ட்டுல போகட்டும்னு கேக்கறேன் என்றாய். அப்போது எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, இவ்வளவு பெரியவளாகிவிட்டாளா என்று முறைத்துக்கொண்டே சாப்பிட்டேன். மறுநாள் பேருந்தில் நின்றுகொண்டு போகும்போதுதான், கேட்டிருக்கிறாளே, நம்மைக் கேட்டிருக்கிறாளே என்று உறைத்தது. அங்கே கடைகள் இல்லையா, தெரிந்தவர்கள் இல்லையா? நம் ஊர்த் தொழிற்பேட்டையில் தைத்துத்தான் அங்கே போகிறது, இங்கே வாங்கினால் மலிவு என்று நீ சொன்ன காரணம் உண்மையாகவே இருக்கட்டும். எனக்கு என்னவோ அது மட்டும் காரணம் என்று தோன்றவில்லை. ரொம்ப சந்தோஷம் குட்டி.

தொழிற்சாலை வாசலிலேயே அவர்களுடைய விற்பனைக் கடை இருக்கிறது, அம்மாவும் நானும் விடுமுறை நாளில் போனோம். அங்கிருந்த விற்பனைப் பெண், சாதாரணக் கூடாரம் மூன்று பருவத்துக்கு, பனிக்காலமும் சேர்த்துத் தாங்குவது நான்கு பருவத்துக்கு என்று விளக்கினாள். நமக்குத் தெரிந்ததெல்லாம் வெயில் காலமும் அதைவிட வெயில் காலமும்தான் என்று அம்மா சொன்னதில் அந்தப் பெண் சிரித்துச் சிரித்துக் கணக்கு எந்திரத்தில் எதையோ தப்பாக அழுத்திவிட்டாள். இரண்டு கூடாரங்களைப் பிரித்துக் காட்டினாள். ஒன்று இறகு மாதிரி லேசு, பார்க்கவும் அழகு. இன்னொன்று கனம், கம்பிகள் ஒன்றையொன்று பல இடங்களில் குறுக்கே வெட்டிப் போகின்றன, மேல்துணி தரைவரை இறங்கி இன்னும் கொஞ்சம் பாவாடை மாதிரி விரிகிறது, அதன்மேல் பனியை அள்ளிப் போட்டால் காற்று அடியில் புகாதாம். தூக்கிக்கொண்டு மலையேறப் போகிறவள் நீ, லேசானதையே எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அம்மா கைப்பையிலிருந்து, கிடங்கில் நான் மாட்டும் குளிர் அறைக் கையுறையை எடுத்தாள். எப்போது எடுத்து வைத்தாள் என்று எனக்கே தெரியாது. அங்க அவ வெறுங்கையோடவா கட்டப்போறா, இதை மாட்டிக்கிட்டு ரெண்டையும் கட்டுங்க பாப்போம் என்றாள். கடையில் இருந்தவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். லேசான கூடாரத்தின் கொக்கிகள் என் தடித்த கையுறைக்குள் அகப்படவே இல்லை, குனிந்து குனிந்து முதுகு போனதுதான் மிச்சம். கனமானதில் துணிக்குழாய்க்குள் கம்பியைத் தள்ளினால் போதும், நின்றுவிட்டது. அதையே வாங்கினோம். காற்று வழியைப் பற்றி அந்தப் பெண் ஏதோ சொல்லத் தொடங்கினாள், நான் தையலை இழுத்து இழுத்துப் பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

இனிமேல்தான் உன் அப்பாவின் சாமர்த்தியம். வீட்டுக்கு வந்து விரித்துப் பார்த்தால் உச்சியில் இரண்டு பக்கமும் ஓட்டை, துணியால் சின்னதாக ஒரு மூடி, அதுவும் தானாக மூடிக்கொள்ளாதபடி ஒரு குச்சி முட்டுக்கொடுத்திருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. நான் என்ன வேலை செய்கிறவன்? கிடங்கில் கதவு ரப்பர் ஓர் இடத்தில் வெடித்தால்கூட மோப்பம் பிடித்துப் போய் நிற்கிறவன். குளிர் அறைக்காரனுக்குத் தெரிந்த ஒரே தர்மம், ஓட்டை இருக்கக் கூடாது என்பதுதான். இவ்வளவு விலைக்கு விற்றுவிட்டுப் பனி மலையில் என் பெண்ணின் தலைக்கு மேலே இரண்டு சன்னல் வைத்திருக்கிறானே என்று, குழாய்களுக்கு ஒட்டும் அலுமினிய டேப்பைக் கொண்டுவந்து, உள்ளே ஒரு சுற்று, வெளியே ஒரு சுற்று, காற்று என்ன, எறும்புகூட நுழைய முடியாதபடி ஒட்டினேன். சொல்லாமல் அனுப்பிவிட வேண்டும், நீயே அங்கே பார்த்து அப்பா வேலை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. கடையில நின்னா போதுமா, குளிருல நிக்க வேணாமா, குளிரைக் கட்டி மேய்க்கிற ஆளு, ஒரு தடவ உள்ள வச்சுப் பாத்துட்டு அனுப்புங்க என்று பிடித்த பிடியாய் நின்றாள்.

எங்கள் கிடங்கில் ஓர் உறைநிலை அறை சரக்கு வருவதற்காகக் காலியாக இருந்தது. முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிறகு யாராவது ஒருவர் வெளியே காவல் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். பாரவண்டி ஓட்டுகிற நம் சுருட்டைத்தலையன் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. உள்ளிருந்து கதவைத் திறக்கும் பிடியை அம்மாவுக்கு முதலில் காட்டிக் கொடுத்தேன். சிமெண்டுத் தரையில் ஆணி இறங்காது, அதனால் பக்கத்து அறையிலிருந்து உறைந்த பட்டாணி மூட்டைகளைக் கொண்டுவந்து கயிறுகளை அவற்றில் கட்டினோம். மேலே விசிறிகள் இரைச்சலோடு வீசின. கூடாரம் வளைந்து கொடுத்ததே தவிர ஆடவில்லை, கம்பிக்காரனுக்கு ஒரு கும்பிடு போடலாம். சுருட்டைத்தலையன் கண்ணாடியைத் தட்டி, என்னண்ணே ஹனிமூனா என்று சைகையிலேயே கேட்டான். நாங்கள் பிளாஸ்கில் இருந்த டீயைக் குடித்துவிட்டு, உள்ளே படுத்துக்கொண்டு ஜிப்பை இழுத்து மூடினோம். கொஞ்ச நேரத்தில் அம்மா, கண்ணாடி மங்குதுங்க என்றாள். துடைத்தாள், மறுபடியும் மங்கியது. விளக்கை அடித்துப் பார்த்தால் கூரை முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. என் தலை பட்டதும் மாவு சலித்த மாதிரி கழுத்துக்குள் கொட்டியது, அது உருகிப் போர்வையெல்லாம் ஈரம். எனக்கு நெற்றிப் பொட்டு வலிக்க ஆரம்பித்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா, எங்கோ இன்னும் ஒழுகுகிறது என்று ஜிப்புக்கும் டேப் ஒட்டக் கிளம்பினேன். அம்மா என் கையைப் பிடித்தாள். வெளிய இருந்து ஒண்ணும் வரலைங்க, நாம விட்ட மூச்சுதான் போக வழி இல்லாம இங்கயே நிக்குது என்றாள்.

தினமும் குளிர்க் குழாய்களில் படியும் பனியை உருக்கித் தள்ளுகிறவன் நான், ஈரம் எங்கே போகும் என்று எனக்கல்லவா முதலில் தெரிந்திருக்க வேண்டும். வெளியே வந்து வெயிலில் உட்கார்ந்த பிறகுதான் மற்றது புத்திக்கு எட்டியது. காற்று அடித்தால் கூடார வாசலிலேயே அடுப்பு வைத்துப் பனியை உருக்குவோம் என்று நீ சொல்லியிருந்தாய். நான் ஒட்டியபடியே அனுப்பியிருந்தால், அடுப்பும் எரிந்து, அதன் நச்சுப்புகை போகிற வழியும் இல்லாமல், நீங்கள் இருவரும் கதகதப்பாக இருக்கிறது என்று தூங்கியிருப்பீர்கள். இதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை. உன் அம்மாவைக் கட்டிக்கொண்டதற்கு நான் எத்தனையோ முறை மனதுக்குள் நன்றி சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். சுருட்டைத்தலையன் பக்கத்தில் இருந்ததால் அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, டீ பிளாஸ்கை உள்ளயே விட்டுட்டீங்க பாருங்க என்றாள்.

டேப்பை உரித்தபோது துணியின் பூச்சும் கூடவே வந்துவிட்டது, அதனால் உன்னிடம் வந்திருப்பது அதே மாதிரியான வேறு கூடாரம், என் டேப் படாதது. கெட்டுப்போனது நம் வீட்டு முன்னறையில் நிற்கிறது, அம்மா அதற்குள் உட்கார்ந்துதான் இப்போது காய் நறுக்குகிறாள். உனக்குச் சொல்ல வேண்டியது, உச்சியில் இருக்கும் அந்த இரண்டு வாயையும் எவ்வளவு குளிரினாலும் மூடாதே. பனி கொட்டினால் எழுந்து அவற்றின் மேல் படிந்ததைத் தட்டிவிடு. அடுப்பு உள்ளே வேண்டவே வேண்டாம். ஆணி பிடிக்காத இடத்தில் பையில் பனியை நிரப்பிப் புதைத்துக் கட்டு, பட்டாணி மூட்டைக்குச் சளைக்காது. தோழியிடமும் இதையெல்லாம் படித்துக் காட்டு. அவளுக்கும் எங்கள் ஆசீர்வாதம், என் பெண்ணைத் தனியாக விடாமல் கூடவே வருகிற பெண், அவள் நன்றாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. அந்த அறையில் படுத்திருந்தபோது அம்மா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். பிறகு, போன வருஷம் இவ இதுலதான் கெடந்தாளா, நம்மகிட்ட ஒண்ணுமே சொல்லலையே என்றாள். நாங்கள் பயந்துவிடக் கூடாது என்றுதான் நீ சொல்லாமல் விட்டாய், அது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் இப்போது அந்தக் குளிர் எப்படி இருக்கும் என்று எங்கள் எலும்புக்கும் தெரியும். அதனால் இறங்கி வந்ததும் நன்றாக இருக்கிறேன் என்று ஒற்றை வரி அனுப்பிவிட்டுப் படுத்துவிடாதே. விறைத்தால் விறைத்தது என்று சொல், பயந்தால் பயந்தேன் என்று சொல், அழுதிருந்தால் அதையும் சொல். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும், ஒன்றையும் மறைக்கக் கூடாது, இந்த வீட்டில் இனி அதுதான் சட்டம். நல்லபடியாகப் போய், மலையைக் கண் நிறையப் பார்த்துவிட்டு, நல்லபடியாக இறங்கி வா. நீ வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் எங்கள் ஆசி கூடவே இருக்கும். உதட்டுக்குத் தடவ மறக்காதே.

இப்படிக்கு
உன் அப்பா

அம்மா எழுதறேன் கண்ணு. கூடாரத்தை மடிச்சுப் பையில வைக்கும்போது அப்பா தேம்பித் தேம்பி அழுதாரு. அதை மட்டும் எழுதிடாதேன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிருக்காரு. சட்டம் போட்டவரே அவருதானே, அதான் எழுதிட்டேன்.