பச்சை டிக் இல்லாத தாள்

மார்ச் 28, செவ்வாய்

துறைமுகத்துல மூணாம் நம்பர் தராசு நாலு கிலோ கூட காட்டுச்சு. கழட்டி, சுத்தம் பண்ணி, சரி பண்ணேன். லாரிக்காரன் ஏதோ சொன்னான். நானும் ஏதோ சொன்னேன்.

யானினா போய் இருபத்து மூணு நாள்.

சாயங்காலம் மாதே டீ போட்டேன். ஒரு தடவ குடிச்சிட்டு, குடுவைல திரும்ப சுடுதண்ணி ஊத்தி வழக்கம் போல அவ பக்கம் நீட்டிட்டேன். கை அப்படியே நின்னுச்சு.

மார்ச் 30, வியாழன்

பாஸ்கெட்பால் கிளப் செயலாளர் கப்ரேரா போன் பண்ணார். "எஸே, எப்படி இருக்கன்னு கேக்க மாட்டேன். ஏப்ரல் இருபத்திரெண்டு, இந்த சீசன்ல நம்ம ஊர்ல கடைசி மேட்ச். யானினா கடைசியா உக்காந்த மேட்சோட புள்ளித்தாள ஃப்ரேம் போட்டு நம்ம டீம் கிழவனுக்குக் குடுக்கறோம். அவனோட ஒரே ட்ரிபிள் டபிள், அவளோட கடைசித் தாள். உன் கையால குடு."

சரின்னேன்.

ஏன்டா சரின்ன?

ஏப்ரல் 2, ஞாயிறு

எழுதிடறேன். இங்க எழுதலன்னா வேற எங்க.

ஆறு சீசனா நானும் யானினாவும் கோர்ட் ஓரத்துல புள்ளி குறிக்கற ஒரே மேஜை. பாத்து சொல்றது அவ, டைப் பண்றது நான். "ஏழு, ரெண்டு பாயிண்ட், உள்ள. நாலு, அசிஸ்ட்." ஏழாம் நம்பர் கூடைக்குள்ள போட்டான், அதுக்கு நேரா பாஸ் குடுத்தது நாலாம் நம்பர்னு அர்த்தம். டைப் பண்றவன் திரைய விட்டு கண்ண எடுக்கக் கூடாது. எடுத்தா அடுத்தது தப்பிடும். அதனால ஆறு வருஷத்துல நான் ஒரு மேட்ச்கூட பாத்ததில்ல. எல்லாம் அவ குரல்ல கேட்டது.

மார்ச் 4, சனி. கிழவன், அதாவது இதுர்பே, முப்பத்தேழு வயசு, பதினேழு வருஷமா நம்ம கிளப்ல தான் ஆடறான். அன்னைக்கு பன்னெண்டு பாயிண்ட், பத்து ரீபவுண்ட், ஒன்பது அசிஸ்ட். மூணும் பத்தத் தொட்டா ட்ரிபிள் டபிள். வாழ்க்கைல ஒரு தடவ கூட அவன் தொட்டதில்ல. மேட்ச் முடிய ரெண்டு நிமிஷம் கூட இல்ல. அரங்கமே எழுந்து நிக்குது. கப்ரேரா என் முதுகுக்குப் பின்னாடி, "ஒண்ணு தான்டா, ஒண்ணே ஒண்ணு!"

யானினா சொன்னா: "ஏழு, ரெண்டு, உள்ள. அசிஸ்ட் இல்ல."

நான் அசிஸ்ட் பொத்தான அமுக்கிட்டேன்.

ஒலிபெருக்கில பத்துன்னு சொன்னதும் கூரை இடிஞ்சு விழற மாதிரி சத்தம். அவ என்னத் திரும்பிப் பாத்தா.

வீட்டுக்கு வந்து கேட்டா. "நான் சொல்லாதத ஏன் போட்ட?"

"ஒரு நம்பர் தானே. கிழவன் சந்தோஷப்படட்டும்."

"நீ என் கண்ணால தான் பாக்குற, எஸெகியேல். என் கண்ணு பாக்காதத நீ எங்கருந்து பாத்த?"

திங்கக்கிழமை லீக்குக்கு எழுதி மாத்திடறேன்னேன். சத்தியமா மாத்தியிருப்பேனா? தெரியல. அவ செவத்தப் பாத்துப் படுத்தா.

காலைல சமையல்கட்டுல கெட்டில் கத்துச்சு. கத்திட்டே இருந்துச்சு. கோவத்துல வேணும்னே அணைக்காம இருக்கான்னு நெனச்சு நான் படுத்தே கெடந்தேன். ஒரு நிமிஷமா, நாலு நிமிஷமா? எல்லாத்தையும் அளக்கறவன், அத அளக்கல.

எழுந்து போனப்போ அவ தரைல கெடந்தா. மண்டைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்குன்னாங்க டாக்டருங்க. உடனே போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னாங்க. சொல்லுவாங்க.

ஏப்ரல் 3, திங்கள்

அஞ்சு தராசு பாத்தேன். அஞ்சும் சரி.

ஏப்ரல் 8, சனி

அவ புள்ளித்தாள் கோப்பத் தொறந்தேன்.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீடியோவ ஓட்டிப் பாத்து, தாள வரி வரியா சரி பாப்பா. எல்லாம் சரின்னா மேல மூலைல பச்சைப் பேனால ஒரு டிக். "டிக் இல்லன்னா அது தாளே இல்ல, கை தொடைக்க வெச்சுக்கோ"ம்பா. நூத்துக்கும் மேல தாள். எல்லாத்துலயும் டிக்.

மார்ச் 4 தாள்ல இல்ல. இதுர்பே பேருக்கு நேரா பத்தச் சுத்தி பச்சை வட்டம். பக்கத்துல: "கடைசிக் கால் ஆட்டம், 1:52. நீயே பாரு எஸே."

அப்போ அந்த ஞாயித்துக்கிழமை காலைல எனக்கு முன்னாடி எழுந்து, தண்ணிய அடுப்புல வெச்சிட்டு, இதத் தான் பாத்துட்டிருந்திருக்கா.

எஸேன்னு எழுதியிருக்கா. கோவம் இருந்தா முழுப் பேரு தான்.

வீடியோ பாத்தேன். கிழவன் பாஸ் குடுக்கறான். ஏழாம் நம்பர் வாங்கி, நின்னு, ஒருத்தன ஏமாத்தி, சுத்திப் போய்ப் போடறான். அது அவனே சம்பாதிச்ச கூடை, அசிஸ்ட் கணக்குல வராது. சின்னக் கொழந்தைக்குக் கூட தெரியும்.

ஏப்ரல் 12, புதன்

பயிற்சி முடியற நேரம் போனேன். கிழவன் முட்டில ஐஸ் கட்டி உக்காந்திருந்தான்.

"வாடா எஸே! என்னடா இது, கொடிக்கம்பம் மாதிரி ஆயிட்ட? சாப்பிடறியா, இல்ல மாதேலயே காலத்த ஓட்டறியா?"

உன் அசிஸ்ட் ஒன்பது தான்னு சொன்னேன். சிரிச்சான். "டேய், சும்மா இரு."

திரும்ப சொன்னேன்.

"அந்தக் கஞ்சப்பிசினாறி யானினா ஆறு வருஷமா எனக்கு ஓசில ஒண்ணு குடுத்ததில்ல. ஒரு தடவ மேஜைக்கே போய்க் கத்தினேன். 'தொண்டை தான் போகும் கிழவா, நம்பர் மாறாது'ன்னா. அப்படிப்பட்டவ அன்னைக்கு ஒண்ணு குடுத்தாளேன்னு... எல்லாரும் போனதுக்கப்புறம் சவப்பெட்டிகிட்ட குனிஞ்சு அவளுக்கு நன்றி சொன்னேன்டா."

"குடுத்தது நான், கிழவா. அவ இல்லன்னு தான் சொன்னா."

முட்டில கட்டின ஐஸ அவுத்துக் கீழ வெச்சான்.

"என்கிட்ட அனுமதி கேக்க வந்தியா?"

"இல்ல. எழுதறதுக்கு முன்னாடி சொல்லணும்னு வந்தேன்."

"சொல்லிட்டல்ல. கெளம்பு."

ஏப்ரல் 13, வியாழன்

லீக்குக்கு எழுதிட்டேன். வீடியோ நேரம், வீரர் எண், யார் தப்பு, எல்லாம். யார் தப்புங்கற எடத்துல என் பேரு.

கப்ரேரா போன்ல கத்தினார். "பைத்தியமாடா உனக்கு? ஃப்ரேம் ரெடி! செத்துப்போன உன் பொண்டாட்டிக்கு மரியாதை பண்ணப் பாத்தா..."

"அவ போடாத நம்பரத் தூக்கிக் காட்டறதா மரியாதை?"

வெச்சிட்டார்.

இந்த மாசத்துலயே முதல் தடவையா அழுதேன். பாத்திரம் கழுவிட்டு இருக்கறப்போ.

ஏப்ரல் 18, செவ்வாய்

லீக் பதில் வந்துச்சு. இதுர்பே, அசிஸ்ட்: 9.

ஏப்ரல் 22, சனி

ஃப்ரேம் கிடையாது. ஒரு நிமிஷம் மௌனம் மட்டும். எல்லாரும் என்னப் பாக்கறாங்கன்னு தெரியும், தலைய நிமுத்தல.

டைப் பண்ண மிர்த்தா வந்தா, பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். வெரல் நல்ல வேகம். அதனால பாத்து சொல்றது நானாச்சு. யானினா நாற்காலி. மொதல் அஞ்சு நிமிஷம் தப்புத் தப்பா சொன்னேன். "சார், பதிமூணுன்னு நம்ம டீம்ல ஆளே இல்ல"ன்னா மிர்த்தா. இவ்வளவு வேகமா ஓடுவாங்களா? ஷூ இப்படிக் கீச்சுமா? இத்தனையும் பாத்துக்கிட்டே தான் அவ எனக்கு நிதானமா சொல்லிட்டு இருந்தாளா?

மூணாவது கால் ஆட்டத்துல கிழவன் ஏழுக்கு ஒரு பாஸ். ஏழு வாங்கி, நின்னு, ஏமாத்தி, சுத்திப் போய்ப் போட்டான். கூட்டம் கத்துச்சு.

"ஏழு, ரெண்டு, உள்ள. அசிஸ்ட் இல்ல."

கிழவன் மேஜைய ஒட்டி திரும்பி ஓடறப்போ காதுல விழுந்துடுச்சு. "இவனும் கஞ்சப்பிசினாறி"ன்னுட்டே ஓடினான். பத்து நாளா என்கிட்ட பேசாதவன்.

தோத்துட்டோம். எழுவத்தொண்ணு, எழுவத்தெட்டு. கிழவனுக்கு ஆறு அசிஸ்ட்.

கெளம்பறப்போ ஈரத் தலையோட வாசல்ல நின்னான். "அந்த மார்ச் நாலு தாளு, ஒன்பது போட்டது, எனக்கு ஒண்ணு வேணும்."

"நாளைக்கு அனுப்பறேன்."

"டிக்கோட குடு. டிக் இல்லன்னா கை தொடைக்கத் தான் ஆகும்பாளே."

வீட்டுக்கு வந்ததும் அச்சடிச்சேன். அவ பண்ற மாதிரியே வீடியோவ முதல்லருந்து கடைசி வரைக்கும் ஓட்டி, வரி வரியா பாத்தேன். வேற தப்பு ஒண்ணும் இல்ல.

பச்சைப் பேனா மொதல்ல எழுதல. உள்ளங்கைல தேய்ச்சேன். அப்புறம் வந்துச்சு, மேல மூலைல டிக் போட்டேன்.

உள்ளங்கைல பச்சைக் கோடு. கை இன்னும் கழுவல.